பேர் சொல்லாதது

வசம்பு சுடுகிற வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொஞ்சம் மண், கொஞ்சம் மருந்து, கொஞ்சம் அடிப்பிடித்த பால். ஆனால் அது மூக்கில் ஏறிவிட்டால், அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். போன வாரம் கோயம்புத்தூரில் ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த வாசனைதான் என்னை வாங்க என்று கூப்பிட்டது. என் மகள் மதியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து அன்றோடு முப்பத்தைந்து நாள்.

அடுப்படியில் வசம்பு வந்த பை கிடந்தது. பிளாஸ்டிக் பை. அதன் மேல் கொட்டை எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே ஒரே மூச்சில் படிக்க வருகிற மாதிரி, 'வசம்பு' என்று அச்சடித்திருந்தது. எனக்குப் பகீர் என்றது. எங்கள் காலத்தில் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. வேலந்தாவளம் மருந்துக் கடையில் போய் நின்று, "பேர் சொல்லாதது கொஞ்சம் குடுங்க" என்போம். கடைக்காரரும் எது என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். இதோ எழுதும்போதே மூன்று முறை எழுதிவிட்டேன். இனி எழுதவில்லை. வயசான காலத்தில் எதற்கு வம்பு.

பேர் சொல்லக் கூடாததற்கு அச்சடித்த பேர் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய பிள்ளைக்கோ முப்பத்தைந்து நாளாகப் பேர் இல்லை. தேடுகிறார்கள். வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு போனில் சேர்ந்து தேடுகிறார்கள். சொந்தக்காரர்கள் அறுபது பேர் ஒரு குழுவில் இருக்கிறார்கள். காலையில் ஒரு பேர் வரும். மத்தியானத்துக்குள் யாராவது அதே பேர் தன் பக்கத்து ஃபிளாட் குழந்தைக்கு இருக்கிறது என்று எழுதுவார்கள். அவ்வளவுதான், அந்தப் பேருக்குக் காரியம் ஆகிவிடும். பேர் சின்னதாக இருக்க வேண்டும், கூட்டினால் ஐந்து வர வேண்டும், வெள்ளைக்காரன் வாயில் நசுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேத்தி ஒன்று சொன்னாள்.

"பழைய வாசனை அடிக்கக் கூடாதுங்க அம்மிச்சி."

பேருக்கு வாசனை உண்டா என்று நான் கேட்கவில்லை. கையில் மருந்துக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கேட்டால் நன்றாக இருக்காது. வீட்டில் எனக்கு அதிகம் பேசாதவள் என்று பேர். உண்மையில் யாரும் அதிகம் கேட்பதில்லை.

என் பேரை இன்னும் சொல்லவில்லை. போதும்பொண்ணு. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, எனக்குப் பழகிப் போன சிரிப்புதான். பொள்ளாச்சிக்கும் கிழக்கே ஒரு வானம் பார்த்த ஊரில், நாலாவது பெண்ணாகப் பிறந்தேன். பெண் பிறந்தது போதும், இனி ஆண் பிள்ளை கொடு என்று சாமிக்கு எழுதிய மனுவை என் மேல் ஒட்டி அனுப்பினார்கள். சாமிக்கு என்ன வேலையோ, மனுவைப் படிக்கவில்லை. எனக்குப் பின்னாலும் பெண்தான் பிறந்தது. அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல், மாரியம்மாள் என்று வைத்துப் பொறுப்பைச் சாமியிடமே விட்டுவிட்டார்கள்.

அப்படிப் பேர் வைப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றடியில் நின்று "ஏ போதும்பொண்ணு" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று தலை திரும்பும். பெரிய போதும்பொண்ணு, மேக்காலூட்டுப் போதும்பொண்ணு, அப்புறம் சின்னவள் நான். மூன்று பேர் வீட்டிலும் சாமி காது கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இருந்தேன். வாத்தியார் வரிசையாகப் பேர் படித்து என்னிடம் வந்து "போதும்..." என்று இழுப்பார். உடனே பின்வரிசைப் பையன்கள் "செரிங்க சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். தினமும் இதே கூத்து. தினமும் வாத்தியாரும் சிரிப்பார். நான் மட்டும் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதே மனதில் ஒன்று போட்டு வைத்தேன். எனக்கு ஒரு பெண் பிறந்தால் அவள் பேரில் அவள் மட்டும்தான் இருக்க வேண்டும். பின்னால் வரப்போகிறவன் யாரும் இருக்கக் கூடாது.

கல்யாணம் ஆகி வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் வந்தேன். இந்தப் பக்கம் என்றால் கேரளம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எருத்தேன்பதி, வேலந்தாவளம் எங்கே போனாலும் பேச்சு எங்கள் பேச்சுதான். அதே நிலக்கடலை, அதே காற்று, அதே "ஏனுங்க". கையெழுத்துப் போடுகிற இடம் வந்தால் மட்டும் மலையாளம். என் மாமியார் பிறந்தது கொல்லங்கோட்டுப் பக்கம். சுற்றிலும் மலையாள வீடுகள். அதனால் அவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், மாட்டுச் சந்தையில் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டவர். வீட்டில் மலையாளம் தெரியாதவள் நான் ஒருத்திதான். தெரியாததை நான் குறையாக நினைக்கவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

முதல் இரண்டும் பெண். மாமியார் பேர் வைத்தார். பழனியம்மாள், சரஸ்வதி. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவதும் பெண் என்றதும் மாமியார் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். ஏற்கெனவே குடித்த மாடுகள். மறுநாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புள்ளைக்குப் போதுமணின்னு வெச்சரலாம்."

"ஊட்டுல ஒரு போதும் இருக்குதுங்களே அத்தை, பத்தலைங்களா?"

"ஒண்ணு சொல்லித்தான் கேக்குலியே சாமி. ரெண்டாச் சொன்னாக் காதுல உளுகும்."

 நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன். இந்த ஒரு பேரை விட்டுக்கொடுத்தால் அப்புறம் நான் எதற்கு என்று தோன்றியது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வேலந்தாவளத்திலிருந்து பிள்ளைமருந்து வாங்கி வந்தார். சுக்கு, திப்பிலி, அப்புறம் அந்தப் பேர் சொல்லாதது. பொட்டலத்தைப் பிரித்தால், ஏதோ வாரப் பத்திரிகையின் பாதிப் பக்கம். எனக்கு அப்போதெல்லாம் ஒரு பழக்கம். பொட்டலக் காகிதம் எது வந்தாலும் நீவி வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மூன்றாம் வகுப்பில் பிடுங்கிக்கொண்டதை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கினேன். அந்தக் காகிதத்தில் ஒரு கதையின் நடுப்பகுதி இருந்தது. பிள்ளை மடியில் தூங்குகிறது. நான் விரல் வைத்துப் படிக்கிறேன். 'மதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.' அதோடு காகிதம் கிழிந்துவிட்டது.

எந்த மதி, எந்த பஸ், எங்கே போகிறாள், ஒன்றும் தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது. ஆனால் எனக்கு அவளைக் கண்ணெதிரே தெரிந்தது. மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்க்கிற ஒரு பெண். எங்கள் ஊரில் கடிகாரம் கட்டிய பெண்ணை நான் பார்த்ததே இல்லை. மதி என்றால் நிலா என்பது மூன்றாம் வகுப்புப் பாடத்திலேயே இருந்தது. புத்தி என்றும் அர்த்தம் உண்டு. இரண்டெழுத்து. புதுசு. பின்னால் யாரையும் கூப்பிடாத பேர். அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பத்து நாள் யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யோசனை என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமே. அந்தக் கர்வம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பத்து நாள் முடிந்ததும் சண்டைக்குத் தயாராகி மாமியாரிடம் போனேன். என்னென்ன பதில் சொல்வார், நான் என்னென்ன திருப்பிச் சொல்வது என்று எல்லாம் கட்டி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு நான் ஒரு பேரு பாத்து வெச்சிருக்கறனுங்க அத்தை."

"என்ன பேரு?"

"மதிங்க."

மாமியார் என்னையே பார்த்தார். "மதியா?"

"ஆமாங்க."

"இன்னொருக்காச் சொல்லு."

"மதிங்க."

அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது. அழப் போகிறாரோ என்று பயந்தேன். "நல்ல பேரு கண்ணு," என்றார். "இதைவிட நல்ல பேரு எனக்கே தோணுலியே. இதையே வெச்சர்லாம்."

வீட்டுக்காரர் இருமினார். கயிற்றைப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க, பேர் வந்தபோதெல்லாம் இருமினார். பாவம் மனுசனுக்குச் சளி பிடித்துவிட்டது என்று மிளகுக் கசாயம் வைத்துக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார். இரண்டு நாள் குடித்தார்.

பேர் வைக்கிற அன்றைக்குக் கொல்லங்கோட்டிலிருந்து மாமியாருடைய ஒறம்பரை சனம் ஒரு வண்டி நிறைய வந்தார்கள். மாமியார்தான் பிள்ளையை மடியில் வாங்கி, காதில் குனிந்து மூன்று முறை பேர் சொன்னார். காதில் மெதுவாகச் சொல்வதுதான் வழக்கம். அவர் மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மதி! மதி! மதி!" கொல்லங்கோட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு கிழவி பந்தலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு நாகரிகமான பேர் இத்தனை பேரை இத்தனை சந்தோஷப்படுத்துமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன்.

மலையாளம் தெரிந்தவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

அப்போது வீடு வீடாக வருகிற ஒரு நர்ஸம்மா இருந்தார். கறுப்புக் குடை, தோளில் பை, கையில் ஒரு நோட்டு. தெற்கே கோட்டயத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. தமிழ் அவ்வளவாக வராது. அவர் வந்த அன்று மாமியார் நிலக்கடலை பறிக்கிற காட்டில் இருந்தார். வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். நான் பிள்ளையோடு தனியாக இருந்தேன். நர்ஸம்மா பெரியவள், நடுவிலவள், கைக்குழந்தை மூன்றையும் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்:

"இனி குட்டி வேணோ, மதியோ?"

எனக்குக் காதில் விழுந்தது இரண்டு சொல்தான். குட்டி, மதி. பிள்ளையை ஆட்டுக்குட்டி மாதிரி குட்டி என்கிறாளே என்று முதலில் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் அடுத்த சொல்லில் அது ஓடிப்போனது. ஆஸ்பத்திரி வரைக்கும் என் மகள் பேர் தெரிந்திருக்கிறதே!

"ஆமாங்க, மதிதானுங்க!" என்றேன். "மதி!"

நர்ஸம்மா முகம் மலர்ந்தது. ஊரில் அவரிடம் இப்படி முகம் கொடுத்துப் பேசியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். "ஒறப்பாணோ?" என்றார். உறைப்பு என்றால் காரம். பிள்ளை பெற்றவளுக்குக் காரம் கொடுக்கிறார்களா என்று கேட்கிறார் போல. சாமர்த்தியமாகத் தலையாட்டினேன். நிச்சயம்தானா என்றுதான் அவர் கேட்டாராம். அது பிற்பாடு தெரிந்தது. நோட்டைத் திறந்து ஓர் இடத்தைக் காட்டினார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்தார். நான் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினேன். மூன்றாம் வகுப்பு படித்தவள் மை தொடுவேனா? ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி என் பேரை எழுதினேன். நர்ஸம்மாவுக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரியும். குனிந்து கூட்டிப் படித்தார். "போ... தும்... ஆ, போதும்!" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. உள்ளே வேறு ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மடி நிறையக் கடலையைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கலப்பைக்குப் பக்கத்தில் நின்றார். நான் மதிக்குத் தண்ணி வார்த்து முடித்துத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். நர்ஸம்மா இறங்கி வந்து, வேகம் வேகம் என்று கையைக் காட்டினார்.

"எங்கெ போகான்?" என்றார் மாமியார்.

"ஓப்பரேஷன். மதின்னு பறஞ்ஞல்லோ. ஒப்பும் இட்டு." நோட்டில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார்.

மாமியார் எழுந்த வேகத்தில் மடியில் இருந்த கடலை முழுக்க வாசலில் சிதறியது. "ஐயோ, மதியல்லா! மதியல்லா!" என்று கத்தினார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், மதி இல்லை என்று கத்துகிறாரே, பிள்ளை மாறிவிட்டதா என்று துணியை விலக்கி மூக்கைப் பார்த்தேன். அதே மூக்குதான்.

"மதி குட்டியுடெ பேராணு!" என்று மாமியார் என் பிள்ளையைக் காட்டினார்.

"குட்டிக்கு மதின்னோ?" நர்ஸம்மா குடையை மடக்கினார். "ஆரா ஈ பேரிட்டது?"

மாமியார் விரல் பிள்ளையிடமிருந்து என் பக்கம் திரும்பியது. நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. எனக்கு எது வேண்டுமானாலும் பொறுக்கும், அது பொறுக்காது.

"மதின்னா என்னங்க அத்தை?" என்றேன்.

"நெலா," என்றார், சிதறிய கடலையைப் பார்த்துக்கொண்டு.

"அது நம்ம பாசையிலீங்க. இவிய பாசையில?"

 கலப்பைக்குப் பக்கத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது. நான் அவர் பக்கம் திரும்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"போதும்னு அர்த்தம், புள்ள," என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. உதடு துடித்தது, பந்தலைப் பிடித்துக்கொண்டு சிரித்த கிழவி, நான் கூடுதலாக ஊற்றச் சொன்ன பாயசம், இரண்டு நாள் மிளகுக் கசாயம். எந்தப் பேரிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனோ, அந்தப் பேரையே வேறு பாஷையில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதுவும் பத்து நாள் யோசித்து. மாமியாருக்கு உழைப்பே இல்லாமல்.

நர்ஸம்மா நல்ல மனுசி. "ஸாரமில்ல," பரவாயில்லை என்று நோட்டில் ஒரு கோடு போட்டார். ஜீப்புக்குத் திரும்பினார். ஏறுகிற படியில் ஒரு காலை வைத்தவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். இந்த முறை மெதுவாக, என் முகத்தைப் பார்த்து, கையால் என் மூன்று பிள்ளைகளையும் காட்டிக் கேட்டார்.

"நினக்கு, இனி வேணோ, மதியோ?"

உனக்கு என்று கேட்டார். பிறந்ததிலிருந்து போதும் போதும் என்று ஊரே என்னைக் கூப்பிட்டிருக்கிறது. போதுமா என்று என்னை யாரும் கேட்டதில்லை. பழனியும் சரசும் சிதறிய கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மதி கொட்டாவி விட்டாள். மாமியாரின் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனுசி என்னை ஒரு மாதமாக ஊருக்கு முன் கூத்தாக்கியிருக்கிறார். அந்தக் கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் மட்டும் சொல்லவில்லை.

"மதி," என்றேன்.

நான் பேசிய முதல் மலையாளச் சொல் அது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்று ஜீப்பில் போகும்போது நர்ஸம்மா சொன்னார்.

நர்ஸம்மா அடுத்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் இருமப் போனார். பிறகு இருமாமல், "அவ சொன்னாச் செரிதானுங்க," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பழைய இருமலை எல்லாம் நான் மன்னித்தேன். கசாயத்தை மட்டும் அப்புறமும் ஒருமுறை வைத்துக் கொடுத்தேன், மிளகு கொஞ்சம் தூக்கலாக.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது மாமியார் வெந்நீர் வைத்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். பேச்சு ஒரு மாதம் இல்லை, வெந்நீர் ஒரு நாளும் தவறவில்லை. மூன்று பெண்களையும் அவர்தான் தூக்கி வளர்த்தார். கடைசியவளுக்கு மட்டும் கடலை உரித்து வாயில் ஊட்டுவார். ஆனால் அவளைச் சாகிற வரைக்கும் 'அம்மிணி' என்றுதான் கூப்பிட்டார். கொட்டகை வரைக்கும் கேட்க மூன்று முறை சொன்ன பேரை நாலாவது முறை அவர் வாயால் நான் கேட்கவில்லை. வேறொரு பேர் மாற்றிவிடலாமா என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். தெரியாமல் வைத்த பேர்தான். அப்புறம் தெரிந்தே அதை நானும் சொல்லியாயிற்றே.

அந்தப் பேரால் அவள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. சித்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாதம் போடுகிறவர் வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நடுவிலவள் வாசலில் நின்று "மதீ! ஏ மதீ!" என்று தங்கையைக் கூப்பிட்டாள். சாதம் போடுகிறவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எங்கள் வரிசையே வெறும் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு வயசில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கழற்றாமலே கேட்டாள்.

"அம்மா, என்ற பேருக்குப் போதும்னு அர்த்தமா?"

"ஆருடி சொன்னது?"

"மலையாள டீச்சர். அப்பன்னா நான் போதுங்களா, வேண்டாங்களா?"

எந்த வாத்தியார் முன்னாலும் வராத வியர்வை எனக்கு வந்தது. "என்ற பேருக்கும் அதேதாங் கண்ணு," என்றேன். "எனக்கு அடுத்தவங்க சொன்னது. உன்றது நானாச் சொன்னது. உனக்கு மேல எனக்கு எதும் வேண்டாம்னு சொன்னது."

"அப்ப அக்காவுங்க?"

"அவிய உனக்கு முன்னாலயே வந்துட்டாங்கல்ல."

யோசித்துப் பார்த்துவிட்டு, செரி என்று கடலை தின்னப் போய்விட்டாள். அவ்வளவு நேர்த்தியாக நான் வேறு எதையும் சொன்னதில்லை. இதற்கும் பத்து நாள் யோசித்திருந்தால் கெடுத்திருப்பேன்.

வளர்ந்து, படித்து, முதல் வேலைக்குப் போகிற அன்று வேலந்தாவளம் நிறுத்தத்தில் அவளோடு நின்றேன். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். "பஸ் வர இன்னும் நேரம் இருக்குதுங்கம்மா," என்றாள்.  எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டாள். பேர் சொல்லாததைச் சுற்றி வந்த காகிதத்தைப் பற்றி அங்கே நின்று எப்படிச் சொல்வது? தூசி என்றேன். பஸ் வந்தது. இந்தக் கதையிலாவது வந்தது.

இப்போது ஏழாவது மாடி. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வழியாகப் பேர் முடிவாகிவிட்டது. ஜைரிஷா. பேத்தி எனக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். எனக்குச் சயிரிசா வரைக்கும்தான் வந்தது.

"அப்பிடின்னா என்ன அர்த்தம் சாமி?"

"அர்த்தமே இல்லீங்க அம்மிச்சி! எல்லாப் பாசையிலயும் தேடிப் பாத்துட்டோம். எங்கயுமே ஒண்ணுமில்லை. அதான் இதுல அழகே."

என் மகள் மதி என்னைப் பார்த்தாள். நான் மதியைப் பார்த்தேன். அவளுக்கும் இருமல் வந்தது. அப்பனைப் போலவே.

"அம்மிச்சி, உங்க முழுப் பேரு என்னங்க?" பேத்தி சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டாள். சொன்னேன். போனில் தட்டினாள். அதில் உலகத்துப் பெண் குழந்தைப் பேரெல்லாம் இருக்கிறதாம். கீழே தள்ளிப் பார்த்தாள், மேலே தள்ளிப் பார்த்தாள். "இல்லவே இல்லீங்க!" என்று கத்தினாள். "ஒருத்தருக்குக்கூட இல்லை! அம்மிச்சி, உங்க பேருதான் செம யுனிக்!"

வாத்தியார் படித்தபோது பையைத் தூக்கிக்கொண்டு எழுந்த பையன்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

குழந்தையின் மணிக்கட்டில் மதி மருந்து வளையலைக் கட்டினாள். பேர் சொல்லாததைத் துண்டு துண்டாக வெட்டிக் கறுப்புக் கயிற்றில் கோத்தது. கொஞ்சம் பெரிசு, கைக்கடிகாரம் மாதிரி தொங்கியது. குழந்தை அந்தக் கையை வாய்க்குக் கொண்டு போய்ச் சப்பிக்கொண்டு என்னையே பார்த்தது.

அந்த ஜீப் போன மண் பாதை இப்போது தார் ரோடு. பொட்டலம் கட்டக் காகிதம் இல்லை, அதனால் கதையும் பாதியில் கிழிவதில்லை. ஊரில் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பெரிய போதும்பொண்ணு போய்ப் பல வருஷம் ஆகிறது. மேக்காலூட்டுக்காரி போன தை மாதம் போனாள். அங்கே போய் நின்று குரல் கொடுத்தால் திரும்ப ஒரு தலைதான் மிச்சம். குரல் கொடுக்கவும் ஆள் இல்லை. அம்மா என்கிறார்கள், அம்மிச்சி என்கிறார்கள், ஆதார் அட்டையைப் பார்க்கிறவர்கள்கூட ஒரு முறை பார்த்துவிட்டு, "பாட்டி, உள்ள வாங்க" என்கிறார்கள். மருந்துக்கு இப்போது பேர் இருக்கிறது. பிள்ளைக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. அந்த ஏழாவது மாடி வீட்டில் இப்போது பேர் சொல்லாதது நான்தான்.